போக்காடும் ஆயிரம் பொற்கொல்லரும்

“இயேசு எங்கட பாவங்களுக்காக மரித்தார்.” கிறிஸ்தவத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அநேகமானோர் சொல்வது இதைத்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட வரி. எனக்கு இதில் இடறுவது ஒரேயொரு துண்டு: அந்த “க்காக”.

“பிள்ளைக்காக உழைத்தாள்” எண்டால் பிள்ளையின் நன்மைக்கு. “களவுக்காக அடி வாங்கினான்” எண்டால் களவுதான் காரணம். “அண்ணனுக்காக நான் போய்க் கையெழுத்து வைத்தேன்” எண்டால் அண்ணனுக்குப் பதிலாக. மூன்றும் ஒரே உருபு, மூன்றும் வேறு வேறு கதை. சிலுவையில் நடந்தது இதில் எது? எங்கட நன்மைக்கா, எங்களாலயா, எங்களுக்குப் பதிலாகவா? இரண்டாயிரம் வருசமாகக் கிறிஸ்தவ இறையியல் இந்தக் கேள்வியோடதான் மல்லுக்கட்டுகிறது. இது ஏதோ குருமடத்துக்குள் பேசி முடிக்கிற விசயம் எண்டு நீங்கள் நினைக்கலாம். படுவான்கரையில் பிறந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் எண்டு சொல்கிறேன்.

நான் உன்னிச்சை. மட்டக்களப்பு நகரத்துக்குக் குடிதண்ணீர் போகிற குளம் எங்களுடையது. அம்மாவின் ஆட்கள் கத்தோலிக்கர். ஒவ்வொரு வருசமும் ஆவணி கடைசியில் கொடியேறினால் ஆயித்தியமலை சதா சகாய அன்னையிடம் நடந்து போகிறவர்கள். அப்பாவின் ஆட்கள் வைகாசியில் கண்ணகி அம்மன் கதவு திறந்தால் சடங்கு முடியும்வரை வீட்டில் மீன் வாங்க மாட்டார்கள். ஆகவே “பரிகாரம்” என்ற சொல் எங்கள் வீட்டில் இரண்டு பக்கத்தாலும் வந்துபோகும். அம்மா பக்கத்தில் அது பாவப் பரிகாரம். அப்பா பக்கத்தில் அது சாத்திரி சொல்லுகிற பரிகாரம். இந்த இரண்டையும் விடப் பழைய ஒரு பாவனையும் ஊரில் இருக்கிறது. எங்கட பக்கம் நாட்டு வைத்தியருக்குப் பெயர் பரிகாரியார். பாம்பு கடித்தால், எலும்பு முறிந்தால், பரிகாரியாரிட்டத்தான் ஓடுவார்கள். அவர் ஆருக்கும் கடன் அடைப்பதில்லை. ஆரையும் குளிரப்பண்ணுவதும் இல்லை. காயத்தைக் கட்டுகிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு விளக்கம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆதித் திருச்சபையில் பலர் இதை மீட்புப் பணமாகப் பார்த்தார்கள். மனிதன் சாத்தானிடம் அடிமை. அவனை மீட்கக் கொடுத்த விலை இயேசு. நான்காம் நூற்றாண்டில் நீசா நகர் கிரகோரியார் இன்னும் ஒரு படி போய், கடவுள் தூண்டில் போட்டார், மனித உடல் இரை, உள்ளே இருந்த தெய்வீகம் கொக்கி, சாத்தான் விழுங்கி மாட்டிக்கொண்டான் என்றார். வாவியில் தூண்டில் போடுகிற ஆட்களுக்கு உடனே விளங்கும். ஆனால் ஏமாற்றுக்காரக் கடவுளாகப் போய்விடுகிறார்.

1098ஆம் ஆண்டளவில் அன்செல்ம் தன் நூலை எழுதி முடித்தார். அவர் வாழ்ந்தது நிலப்பிரபுக்களின் ஐரோப்பா. பாவம் என்பது கடவுளின் மகிமைக்குச் செய்த அவமரியாதை. அதை ஈடுசெய்ய மனிதனிடம் ஒன்றும் இல்லை. கடவுளே மனிதனாகி ஈடுசெய்தார். எங்கட பாசையில் சொன்னால், போடியாரின் மானம் போயிற்று, முல்லைக்காரனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, போடியாரின் மகனே வந்து கொடுத்தான்.

கொஞ்சம் பிந்தி அபேலார் வந்து, கடவுளுக்கு ஈடு தேவைப்படவில்லை, தேவைப்பட்டது எங்கட மனம் மாறுவதுதான், அந்த அன்பைப் பார்த்து நாம் இளகுகிறோம் என்றார். 16ஆம் நூற்றாண்டில் கல்வின், சட்டம் படித்தவர், இதை நீதிமன்றமாக்கினார். தண்டனை எங்களுக்கு விதிக்கப்பட்டது, அதை அவர் ஏற்றுக்கொண்டார். இன்றைக்கு எங்கட பக்கத்துக் கூட்டங்களில் மைக்கில் கேட்பது பெரும்பாலும் இந்தக் கடைசி விளக்கம்தான்.

இதில் ஆச்சரியம் என்னவெண்டால், பழைய பொதுச்சங்கங்கள் எதுவும் இதில் ஒன்றைத் தெரிந்தெடுத்து “இதுதான் சரி” எண்டு முடிவுகட்டவில்லை. நீசேயா விசுவாச அறிக்கை “நமக்காக” எண்ட அளவில் நின்றுகொள்கிறது. அந்த “க்காக”வைத் திறந்தே விட்டுவிட்டார்கள்.

ஒன்று பலிக்கு, ஒன்று காட்டுக்கு

பழைய ஏற்பாட்டில், லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில், வருசத்துக்கு ஒருமுறை வரும் பரிகார நாளுக்கு இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்படும். ஒன்று பலி. மற்றதின் தலையில் ஆசாரியன் கைகளை வைத்து, சனங்களின் பாவங்களை எல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு விரட்டிவிடச் செய்வார். புரட்டஸ்தாந்தர் வாசிக்கிற பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த இரண்டாவது கடாவுக்கு அருமையான பெயர் இருக்கிறது: போக்காடு.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார் வாழ்நாள் முழுக்க இந்தப் போக்காட்டைப் பற்றித்தான் எழுதினார். அவர் சொல்வது இதுதான். ஒரு ஊருக்குள் பயமும் கோபமும் நிறைந்தால், ஆள்மாறி ஆள் அடித்துக்கொள்வதற்குப் பதில், ஊரே சேர்ந்து ஒருவன்மேல் கையை வைக்கும். அவனை விரட்டும், அல்லது கொல்லும். ஊருக்குச் சமாதானம் வரும். அந்தச் சமாதானமே “அவன்தான் குற்றவாளி” என்பதற்குச் சாட்சியாகிவிடும். பழங்கதைகள் இதை ஊரின் பக்கம் நின்று சொல்கின்றன. சுவிசேசம் மட்டும் ஆட்டின் பக்கம் நின்று சொல்கிறது. அவன் குற்றமற்றவன், நீங்கள்தான் கொன்றீர்கள் என்கிறது.

இதை வாசித்த பிறகு யோவான் சுவிசேசத்தின் 11ஆம் அதிகாரம் எனக்கு வேறுமாதிரி வாசிபட்டது. சனம் முழுக்க அழிவதைவிட ஒரு ஆள் சாவது நல்லது என்கிற யோசனை அங்கே வருகிறது. அதைச் சொல்பவர் சீடர் இல்லை, தேவதூதர் இல்லை. கொலைக்குத் திட்டம் போடுகிற பிரதான ஆசாரியன் கயபா! சுவிசேசகர் அதைத் தீர்க்கதரிசனம் எண்டும் எடுத்துக்கொள்கிறார், சரி. ஆனால் “எல்லாருக்கும் பதிலாக ஒருவன்” என்ற கணக்கை அந்த இடத்தில் போடுவது, அவரைக் கொல்லத் தேடுகிறவர்கள். அதைக் கடவுளின் கணக்கு எண்டு சொல்ல முன்னம் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டாமா?

வவுணதீவு, 2018

இப்ப எங்கட பிரதேசத்துக்கு வருவோம். உன்னிச்சை இருப்பது வவுணதீவுப் பிரதேச செயலகப் பிரிவில். 2018 நவம்பர் 30ஆம் திகதி அதிகாலை, வவுணதீவுச் சோதனைச் சாவடியில் கடமையில் இருந்த இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். மாவீரர் நாள் முடிந்து மூன்று நாள்தான். சந்தேகம் எந்தப் பக்கம் திரும்பும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. முன்னாள் போராளி ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டார். தலையில் கை வைத்தாயிற்று.

நாட்டுக்கு நிம்மதி. ஊருக்குள்ளேயும் ஒரு விதமான நிம்மதி இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஆள் பிடிபட்டால் மற்ற வீட்டுக் கதவு தட்டப்படாது. “அவன் ஏதும் செய்திருப்பான்” எண்டு கடைத்தெருவில் சொன்ன ஆட்களை நான் கேட்டிருக்கிறேன். கயபாவின் கணக்கு அவ்வளவு சாதாரணமாக, தேத்தண்ணிக் கோப்பையோட இருந்து பேசப்படும்.

ஐந்து மாதம் கழித்து, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. சுமார் முப்பது உயிர். அவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியில் வந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு நின்ற சிறுவர்கள். அதற்குப் பிறகு நடந்த விசாரணைகளில்தான், வவுணதீவில் அந்த இரண்டு பொலிஸ்காரரையும் கொன்றது சஹ்ரானின் அதே கூட்டம் எண்டு வெளிவந்தது. தடுப்பில் இருந்த முன்னாள் போராளி மே மாதம் விடுதலையானார்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். அந்த ஐந்து மாதமும் உண்மையான கொலையாளிகள் வெளியில் இருந்தார்கள். போக்காட்டை விரட்டினால் ஊர் சுத்தமாகும் என்பது ஐதீகம். இங்கே நடந்தது நேர்மாறு. ஆட்டை விரட்டியதால்தான் புலி உள்ளே நின்றது. விசாரணை ஏன் அந்தப் பக்கம் போனது, ஆராவது வேண்டுமெண்டே திருப்பினார்களா என்ற கேள்விக்கு இன்னும் முடிவு வரவில்லை.

பிறகு அடுத்த போக்காடு தேடப்பட்டது. மே 2019இல் குருநாகல் பக்கத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மட்டக்களப்பில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் “அவனுகள்ற கடைக்குப் போகாதீங்க” எண்டு வட்ஸ்அப்பில் எங்களுக்கும் வந்தது. ஒருசிலர் செய்ததற்கு ஒரு இனத்தின் தலையில் கை.

இரண்டு பாண்டியர், இரண்டு பரிகாரம்

இந்த இடத்தில் அப்பா வீட்டுக் கதை எனக்கு உதவி செய்கிறது. கண்ணகி வழக்கை எங்கட ஊரில் கதையாக ஆருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, சடங்கில் கேட்டே வளர்கிறோம். பொற்கொல்லன் பொய் சொல்கிறான். அரசன் விசாரிக்காமல் கோவலனை வெட்டச் சொல்கிறான். அவளுடைய சிலம்பு உடைந்து உள்ளே இருந்த மாணிக்கம் தெறித்ததும், நெடுஞ்செழியன் தானே கள்வன் எண்டு விளங்கி, அந்த இடத்திலேயே உயிர்விடுகிறான். இது ஒரு பரிகாரம்.

சிலப்பதிகாரத்தில் இன்னொரு பரிகாரமும் இருக்கிறது. அதை அதிகம் பேர் பேசுவதில்லை. மதுரை எரிந்த பிறகு பாண்டி நாட்டில் மழை இல்லை, நோய், வறுமை. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது. ஊருக்குச் சமாதானம்.

ஆயிரம் பேர்! பொய் சொன்னது ஒரு பொற்கொல்லன். தீர்ப்புச் சொன்னது ஒரு அரசன். செத்தது அந்தத் தொழிலைச் செய்த ஆயிரம் பேர். எந்தப் பெண் தன் புருசன் அநியாயமாகக் கொல்லப்பட்டான் எண்டு மதுரையை எரித்தாளோ, அவளுக்கே ஆயிரம் அநியாயக் கொலையைக் காணிக்கையாக வைத்திருக்கிறார்கள்.

முதல் பாண்டியன் கையைத் தன் தலையில் வைத்தான். இரண்டாவது பாண்டியன் மற்றவர்களின் தலையில் வைத்தான். இரண்டுக்கும் நாம் பரிகாரம் என்ற ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறோம். கிறிஸ்தவ இறையியலின் சிக்கலும் இங்கேதான். சிலுவையைப் பற்றிப் பேசும்போது கடவுளை இரண்டாவது பாண்டியனுக்கு மழை கொடுக்கிற தெய்வமாக ஆக்கிவிடுகிறோமா?

எங்கட சனம் இதில் கெட்டித்தனமாக ஒன்று செய்திருக்கிறது. சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி. அம்மனின் கோபத்தைக் குளிரவைக்கத் தண்ணீரும் பாட்டும்தான். ஆரையும் வெட்டுவதில்லை. அப்பம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், அம்மாளுக்கு ஏன் இன்னும் கோபம் எண்டு. “அநியாயம் நிக்கல்லையே மனே, பிறகு எப்பிடிக் கோவம் நிக்கும்?” என்றா. வருசாவருசம் குளிர்த்தி வைப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கடவுளின் கோபம் என்று வேதாகமம் சொல்வதையும் நான் இப்ப இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். அது மானம் போன போடியாரின் கோபம் இல்லை. அநியாயம் நிக்காததால் நிக்காத கோபம்.

வாசலில் நின்றவர்

சீயோன் தேவாலயத்தில் முதுகுப்பையோடு வந்தவனைச் சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் வாசலில் மறித்து நின்ற ஒருவரைப் பற்றி நீங்கள் வாசித்திருப்பீர்கள். அவர் மறித்திராவிட்டால் குண்டு நிரம்பிய மண்டபத்துக்குள் வெடித்திருக்கும். அவர் அங்கேயே இறந்துபோனார்.

உள்ளே இருந்தவர்கள் “அவர் எங்களுக்காகச் செத்தார்” எண்டு சொன்னால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. நன்மைக்காக, ஆம். பதிலாகவும், ஆம். ஆனால் ஆராவது “அவருடைய சாவு கடவுளுக்குத் தேவைப்பட்டது, கடவுள் அந்த விலையைக் கேட்டார்” எண்டு சொன்னால் நாங்கள் அந்த ஆளைத் திட்டிக் கலைத்துவிடுவோம். அந்தச் சாவைக் கேட்டது கொலைகாரன். கொடுத்தது அன்பு. கடவுள் நின்ற பக்கம் வாசலில் மறித்தவரின் பக்கம்.

சிலுவையின் “க்காக”வும் எனக்கு இப்படித்தான் விளங்குகிறது. கயபாவின் கணக்குக்குள் இயேசு தானாக நடந்துபோய், அந்தக் கணக்கு பொய் எண்டு தன் உடலால் காட்டினார். அதற்குப் பிறகு எந்தப் போக்காட்டின் தலையிலும் கை வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. இதைத்தான் நான் விசுவசிக்கிறேன்.

கடன் கட்டியாயிற்றா?

பெந்தகோஸ்து சபைக்குப் போகிற நண்பன் ஒருவன் இருக்கிறான். இதைச் சொன்னதும், “மச்சான், எல்லாம் சிலுவையிலேயே முடிஞ்சுது. அவர் கட்டிட்டார். நீ ஏன் திரும்பத் திரும்பத் தோண்டுற?” எண்டு கேட்டான். அவனுக்கு அது உண்மையான ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. போரில் தகப்பனை இழந்த பிள்ளை அவன்.

ஆனால் இயேசு சொன்னதைப் பாருங்கள். காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார். சகேயு மரத்தால் இறங்கி வந்து மன்னிப்போடு நிறுத்தவில்லை, அநியாயமாக எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். யூதர்களின் மிஷ்னாவும் இதையே சொல்கிறது: பரிகார நாள் கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையில் உள்ளதைத் தீர்க்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் உள்ளதை, அந்த மனிதனைப் போய்ச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது.

காசு கட்டுவதும் தேவைதான். 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் எண்டு தீர்ப்பளித்தது. தவணை தவணையாகக் கட்டினார். கத்தோலிக்கரிடம் மன்னிப்பும் கேட்டார், மற்றவர்கள் செய்த பிழைக்காகத் தான் கேட்பதாக. அன்செல்மின் கணக்கில் கடன் அடைந்தது. பரிகாரியாரின் கணக்கில்? காயம் இன்னும் திறந்தே கிடக்கிறது. ஏனெண்டால் “நானே” எண்டு சொல்ல ஒரு நெடுஞ்செழியனும் இன்னும் வரவில்லை.

கத்தோலிக்கர் முன்பு பாவசங்கீர்த்தனம் எண்டு சொன்னதை இப்ப ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் டின்டேல் 1526இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டின் வழியே பரவிய “அட்டோன்மென்ட்” என்ற சொல்லும் “ஒன்றாக இருத்தல்” என்ற பொருளில் பிறந்ததுதான். வள்ளுவரிடம் ஒப்புரவு ஒரு முழு அதிகாரம், ஊரோடு ஒத்து வாழ்ந்து ஊருக்கு உதவுகிற பண்பு. கடைசியில் எல்லாச் சொல்லும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: ஆரோடு ஒன்றாக?

1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான். ஒன்றில் தொழுதுகொண்டு நின்ற முஸ்லிம்கள், மற்றதில் தமிழ்க் கிராமத்தவர்கள். இரண்டு பக்கமும் வருசாவருசம் தங்கட தங்கட சாவை நினைவுகூருகிறது, அது சரி. மற்றவர்களின் நாளுக்குப் போய் நிற்கிற ஆட்களோ மிகக் குறைவு. அந்தக் காலத்தில் உன்னிச்சையிலும் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. போனார்கள். 2007இல் நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்து முகாம்களுக்குப் போனோம், பிறகு திரும்பி வந்தோம். எல்லாரும் திரும்பி வரவில்லை.

எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. நல்ல தண்ணி, கோடையிலும் வற்றாது. அம்மம்மா இன்றைக்கும் அதை “காக்காட கிணறு” எண்டுதான் சொல்லுவா. ஆயித்தியமலைக்கு நடந்து போகிற நாளில் போத்தலுக்குத் தண்ணி எடுப்பதும் அதில்தான். போன வருசம் கேட்டேன், அவர்கள் வந்து கேட்டால் என்ன செய்வீங்க எண்டு. அவ யோசிக்கவே இல்லை. “குடுக்கத்தானே வேணும். தண்ணி நாமதானே மனே குடிக்கிறம்.” அதற்குப் பிறகு, அவர்களின் மூத்த மகள் ஏறாவூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னா. இந்த ஆவணிக்கு முன்னம் அங்கே போய்வர வேண்டும் எண்டு நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம்.